சேலத்திலிருந்து மொனேவின் தோட்டத்துக்கு: முதல் முறை ஜிவெர்னி போகிறவர்களுக்கு

ஏற்காடு மலர்க் கண்காட்சியை ஒரு வருடம்கூட விடாமல் பார்க்கிற ஆட்கள் சேலத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களில் யாருக்காவது ஓவியத்திலும் பிடிப்பு இருந்தால், வாழ்நாளில் ஒரு தடவையாவது பிரான்சில் இருக்கிற ஜிவெர்னி கிராமத்துக்குப் போய்வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஓவியர் குளோத் மொனே 1883 முதல் 1926-இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது. அவர் வரைந்த அல்லிக் குளமும் அந்த வீட்டுத் தோட்டத்தில்தான். பாரிஸிலிருந்து காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

பாரிஸுக்கும் ஜிவெர்னிக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு பொருட்டே இல்லை. சேலத்துக்கும் பாரிஸுக்கும் நடுவே இருக்கிற காகிதங்கள்தான் பாடு. ஏற்காட்டில் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் வைத்திருப்பவன் நான். சம்பளச் சீட்டு கிடையாது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்வருவதற்குள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் பூவை முடிவு செய்யுங்கள்

விமான டிக்கெட் எப்போது மலிவு என்று பார்த்து மாதத்தை முடிவு செய்யாதீர்கள். எந்தப் பூவைப் பார்க்கப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. தோட்டம் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரை மட்டுமே திறந்திருக்கும். குளிர்காலத்தில் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டும்.

ஏப்ரலில் டியூலிப். ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதிவரை, குளத்தின் பச்சைப் பாலத்தின்மேல் விஸ்டீரியா கொடி ஊதாக் கொத்துகளாகத் தொங்கும். மே நடுவில் ஐரிஸ், ஜூனில் ரோஜா. அல்லி ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. செப்டம்பரில் நம் மலைக்காரர்களுக்குப் பழக்கமான டேலியா வந்துவிடும். அதே நேரம், வீட்டு வாசலுக்குப் போகும் நடுப்பாதையில் இரண்டு பக்கத்திலிருந்தும் நாஸ்டர்டியம் கொடி படர்ந்து, நடக்கிற இடத்தையே மூடியிருக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பாலத்தின்மேல் விஸ்டீரியா, கீழே குளம் நிறைய அல்லி என்று படங்களில் பார்த்து மனதில் பதிந்திருப்போம். நேரில் இரண்டும் ஒரே சமயத்தில் கிடைக்காது. ஒன்று முடிந்து வெகுநாள் கழித்துத்தான் மற்றது.

பள்ளி விடுமுறை என்பதால் சேலத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் மே மாதத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். தாராளமாகப் போங்கள், விஸ்டீரியாவும் ஐரிஸும் போதும் போதும் என்னும் அளவுக்கு இருக்கும். ஆனால் அல்லி வேண்டும் என்று மனதில் இருந்தால் ஆகஸ்டோ செப்டம்பர் தொடக்கமோதான் சரி. இன்னொன்று: மே மாதத்தில் பிரான்சில் பொது விடுமுறைகள் அதிகம். மே 1, மே 8, அப்புறம் ஈஸ்டர் கணக்கில் வரும் கிறிஸ்தவப் பண்டிகை நாட்கள். அந்த நாட்களையும் அவற்றை ஒட்டிய வார இறுதிகளையும் தவிர்த்துவிடுங்கள். 2026 மொனே மறைந்த நூறாவது ஆண்டு என்பதால், அந்த வருடம் போகிறவர்கள் கூட்டம் கூடுதலாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. பாஸ்போர்ட்: பெயரைச் சரிபாருங்கள்

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் சேலத்து அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே வேலையை முடிக்கலாம். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய். தத்கல் என்றால் கூடுதலாக 2,000.

ஏற்கெனவே பாஸ்போர்ட் இருப்பவர்கள் மூன்று விஷயங்களைப் பாருங்கள். கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். வெற்றுப் பக்கம் குறைந்தது இரண்டு வேண்டும்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், வங்கிக் கணக்கில் ஒற்றை எழுத்து இருக்கும், பட்டாவில் அப்பா பெயரோடு ஊர்ப்பெயரும் சேர்ந்து நிற்கும். சிலருக்குக் குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருக்கும். விசா படிவம், விமான டிக்கெட், காப்பீடு மூன்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வர வேண்டும். வங்கிக் கணக்கில் பெயர் வேறு மாதிரி இருந்தால் இப்போதே வங்கிக்குப் போய் மாற்றுங்கள். அந்த வேலைக்கே சில வாரங்கள் ஓடிவிடும். விசா நேரத்தில் உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதைவிட இது மேல்.

3. விசாவுக்கான காகிதங்கள்

எடுக்க வேண்டியது ஷெங்கன் குறுகிய கால விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. 180 நாட்களுக்குள் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். பயணத்தில் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஐந்து நாள், பிரான்சில் மூன்று நாள் என்றால் நீங்கள் போக வேண்டியது சுவிட்சர்லாந்து விசாவுக்கு. பலரும் இடறுவது இங்கேதான்.

முதலில் பிரான்ஸ் அரசின் ஃபிரான்ஸ் விசாஸ் தளத்தில் படிவத்தை நிரப்பி அச்செடுங்கள். அதோடு 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புகைப்படம், போக வர விமான முன்பதிவு, ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறோம் என்பதற்கான ஹோட்டல் முன்பதிவு, பயணக் காப்பீடு, வங்கி அறிக்கை, வருமான வரித் தாக்கல் சான்று ஆகியவை வேண்டும். பயணத்தின் நோக்கத்தையும் நாள்வாரித் திட்டத்தையும் சொல்லும் ஒரு கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள். ஜிவெர்னிக்கு ஒரு நாள் ஒதுக்கியிருப்பதை அதில் குறிப்பிடுங்கள். திட்டம் தெளிவாகத் தெரிந்தால் நல்லது.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், பயணத்தின் எல்லா நாட்களுக்கும் இருக்க வேண்டும். பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் வயதுக்கேற்ப பிரீமியம் ஏறும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேலத்தில் ஒரு பயண முகவர் எங்கள் தலையில் கட்டப் பார்த்த காப்பீட்டில், திரும்பி வரும் நாள் விட்டுப்போயிருந்தது. கையெழுத்து போடும் முன் தேதிகளை நீங்களே விரல் வைத்துப் படித்துப் பாருங்கள்.

சம்பளக்காரர்களுக்கு வேலை சுலபம். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அலுவலகத்திலிருந்து விடுப்புக் கடிதம், அவ்வளவுதான். வெள்ளிப் பட்டறை, தறி, கடை நடத்துகிறவர்கள் ஜிஎஸ்டி பதிவையும் உத்யம் சான்றிதழையும் வையுங்கள். விவசாயிகளுக்குத்தான் கொஞ்சம் கூடுதல் வேலை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் நம்மில் பலர் தாக்கலே செய்வதில்லை. விசா கேட்கிற இடத்தில் அது பெரிய ஓட்டையாகத் தெரியும். பயணத்துக்கு முந்தைய வருடங்களிலேயே ஒரு ஆடிட்டரைப் பிடித்து, விவசாய வருமானத்தைக் காட்டித் தாக்கல் செய்துவிடுங்கள். காப்பி, மிளகு விற்ற ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். பணம் ரொக்கமாகக் கைக்கு வராமல் வங்கி வழியாக வரட்டும். பட்டா, சிட்டா எல்லாம் தமிழில் இருப்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் யாரிடமோ கடன் வாங்கிக் கணக்கில் மொத்தமாகப் போட்டால் அது சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

கணக்கில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஹோட்டல் முன்பதிவு இருந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120 யூரோ என்பது பிரான்ஸ் வைத்திருக்கும் அளவுகோல். அது குறைந்தபட்சம். அதற்கு மேல் நல்ல இடைவெளி விட்டு வைத்திருங்கள்.

4. விண்ணப்பம் கொடுக்கும் தேதியும் கட்டணமும்

விண்ணப்பத்தை வாங்குவது விஎஃப்எஸ் என்ற தனியார் நிறுவனத்தின் மையம். நமக்குச் சென்னை அல்லது பெங்களூர். கைரேகை எடுப்பார்கள் என்பதால் நேரில் போயே ஆக வேண்டும். 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை.

விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ. 6 வயதுக்குள் இலவசம். ஒரு யூரோ 100 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் ஆளுக்கு 9,000 ரூபாய் ஆகிறது. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்ப வராது.

பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் வாங்க மாட்டார்கள். முடிவு பொதுவாக 15 நாளில் வரும், சில சமயம் 45 நாள்வரை இழுக்கும். நம் ஊர்க் கோடை விடுமுறையை ஒட்டி விண்ணப்பம் கொடுக்கத் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் மே பயணத்துக்கு ஜனவரியிலேயே, ஆகஸ்டுக்கு என்றால் ஏப்ரலிலேயே தேதி பிடித்துவிடுங்கள். "நான் தேதி வாங்கித் தருகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கிற இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். இடம் காலியாகிறதா என்று நீங்களே தளத்தை அடிக்கடி திறந்து பாருங்கள், கிடைக்கும்.

சென்னைக்குப் போவதாக இருந்தால் ஏற்காடு எக்ஸ்பிரஸ் இதற்கென்றே விட்ட வண்டி மாதிரி. இரவு ஏறினால் விடிவதற்குள் சென்னை. காலையில் வேலையை முடித்துவிட்டு அன்று இரவே திரும்பலாம், தங்கும் செலவு இல்லை. விசா வரும்வரை பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

5. விமானமும் தங்குமிடமும்

பெங்களூரிலிருந்து பாரிஸுக்கு ஏர் பிரான்ஸ் நேரடி விமானம் இருக்கிறது. வயதானவர்கள் கூட வந்தால் பணம் கொஞ்சம் கூடினாலும் நேரடியாகவே போங்கள். போக வர 60,000 முதல் 90,000 ரூபாய்வரை மனதில் வையுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வரைக்கும் கார் பறக்கும். அதற்குப் பிறகு பெங்களூரைக் குறுக்கே கடந்து தேவனஹள்ளி போக வேண்டும். விமானம் கிளம்பும் நேரத்துக்கு ஒன்பது மணி நேரம் முன்பே சேலத்தை விட்டுப் புறப்பட்டுவிடுங்கள்.

பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டித் தங்கும்படி அழுத்திச் சொல்வேன். மூன்று காரணம். விமான நிலையத்திலிருந்து ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயில் நேராக அங்கே வரும் (விமான நிலைய டிக்கெட் 13, 14 யூரோ). பக்கத்திலேயே இருக்கிற மஜந்தா நிலையத்திலிருந்து, ஜிவெர்னி ரயில் கிளம்பும் சான் லசாருக்கு ஆர்இஆர் ஈ ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம்தான். மூன்றாவது, லா சப்பல். கார் து நோருக்குப் பின்னால் நடந்தே போகும் தூரத்தில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழில் பெயர்ப் பலகை, தோசை, இடியப்பம், கொத்து ரொட்டி எல்லாம் உண்டு. "அண்ணா, எந்த இடம், இந்தியாவோ?" என்று அவர்களே பேச்சு கொடுப்பார்கள். எந்த ரயில், எந்தப் பக்கம் என்று குழம்பினால் அங்கே தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அம்மாவுக்குப் பாதிப் பயம் போனது அந்தத் தெருவில்தான்.

பணத்துக்கு வங்கியில் பாரெக்ஸ் கார்டு வாங்கி யூரோ ஏற்றிக்கொள்ளுங்கள், கொஞ்சம் ரொக்கமும் வையுங்கள். ஈபிள் கோபுரத்தில் யூபிஐ எடுக்கிறார்கள் என்று செய்தி படித்துவிட்டு, ஊரெல்லாம் எடுப்பார்கள் என்று நம்பி வராதீர்கள்.

6. தோட்டத்துக்கு நுழைவுச் சீட்டு

தோட்டத்தை நடத்துவது குளோத் மொனே அறக்கட்டளை. அவர்கள் தளத்திலேயே வாங்குங்கள். பெரியவர்களுக்கு 12, 13 யூரோ அளவில் இருக்கும், வாங்கும் அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடினால் இடைநிலை விற்பனைத் தளங்கள்தான் மேலே வந்து நிற்கும், அதே சீட்டை இரண்டு மடங்குக்கு விற்பார்கள். முன்கூட்டி வாங்கியவர்களுக்குத் தனி வழி உண்டு என்பதால், நேரில் வாங்கும் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

பாரிஸ் சுற்றுலாப் பேக்கேஜ் எடுப்பவர்கள், அதில் ஜிவெர்னி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான பேக்கேஜ்களில் இருக்காது. இருந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் கிளப்பிவிடுவார்கள். அது போதாது.

7. போகிற நாள்: ரயிலும் பேருந்தும்

சான் லசாரிலிருந்து வெர்னோன் ஜிவெர்னி நிலையம் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. நேர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பிரெஞ்சு ரயில்வேயின் எஸ்என்சிஎஃப் கனெக்ட் செயலியில் டிக்கெட் வாங்கலாம். நேரத்தைப் பொறுத்து ஒரு வழிக்கு 10 முதல் 18 யூரோ வரும்.

பாரிஸ் மெட்ரோ டிக்கெட்டும் நவிகோ என்ற பாரிஸ் பயண அட்டையும் இந்த ரயிலுக்குச் செல்லாது. வெர்னோன் நோர்மாண்டிப் பகுதியில் இருக்கிறது, பாரிஸ் வட்டாரத்துக்கு வெளியே. தெரியாமல் ஏறிவிட்டேன் என்று சொன்னாலும் பரிசோதகர் அபராதம் போடுவார். அடுத்தது, அந்த வழியாக ருவான் நகரம் போகிற எல்லா ரயிலும் வெர்னோனில் நிற்காது. நிலையப் பலகையில் உங்கள் ரயிலுக்குக் கீழே நிறுத்தங்கள் ஓடும், அதில் வெர்னோன் பெயரைப் பார்த்த பிறகே ஏறுங்கள். எந்த நடைமேடை என்பதைக் கிளம்புவதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் போடுவார்கள், பதற வேண்டாம்.

வெர்னோனில் இறங்கியதும் ஜிவெர்னி பேருந்துக்கான அம்புக்குறிகள் இருக்கும். ரயில் வருகிற நேரத்தை ஒட்டியே பேருந்து கிளம்பும். போக வர 10 யூரோ அளவில். ஐந்து கிலோமீட்டர்தான் என்பதால் சிலர் நடப்பார்கள், வாடகைச் சைக்கிளும் எடுப்பார்கள். வண்டியை விட்டு இறங்கியவுடன், எதையும் பார்ப்பதற்கு முன், திரும்பும் பேருந்தின் கால அட்டவணையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பேருந்தை விட்டால் அந்தச் சின்ன ஊரில் டாக்சி கிடைப்பது கஷ்டம்.

பெரிய பெட்டியோடு போக வேண்டாம். சாப்பாட்டைப் பாரிஸிலேயே கட்டி எடுத்துப் போவது நல்லது. ஆனால் தோட்டத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லை, வெளியேதான். ரயில், பேருந்து, நுழைவு, ஒரு வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 6,000 முதல் 8,000 ரூபாய் ஆகும்.

8. உள்ளே எந்த வரிசையில் பார்ப்பது

தோட்டம் காலை 9:30-க்குத் திறக்கும், மாலை 6 மணிவரை. கடைசி நுழைவு 5:30. வீட்டுக்கு முன்னால் பூந்தோட்டம். குளம் சாலைக்கு அந்தப் பக்கம், சுரங்கப் பாதை வழியாகப் படி இறங்கிப் போக வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களை அங்கே கையைப் பிடித்து மெதுவாக இறக்குங்கள்.

நம்மவர்கள் கணக்கு தப்புகிற இடம் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஏரி குளத்து அல்லி இரவில் மலர்ந்து, வெயில் ஏறியதும் கூம்பிவிடும். அந்த நினைப்பில், விடிந்ததும் போய்விட வேண்டும் என்று அவசரப்படுவோம். மொனே அங்கே வளர்த்தது பகலில் மலரும் கலப்பின வகைகள். வெயில் நன்றாக ஏறிய பிறகே வாய் திறக்கும், பிற்பகலில் மெல்ல மூடத் தொடங்கும். அதனால் குளத்துக்கு இரண்டு முறை போங்கள். கதவு திறந்ததும் ஒரு முறை. சுற்றுலாப் பேருந்துகள் வந்திருக்காது, பாலத்தில் தனியாக நிற்கலாம், தண்ணீரில் வானமும் வில்லோ மரமும் தலைகீழாக அசையாமல் கிடக்கும். சிறு படகில் தோட்டக்காரர் ஒருவர் வலையால் பாசியையும் உதிர்ந்த இலையையும் அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அந்தக் குளம் அப்படிப் பளிச்சென்று இருப்பது தானாக நடப்பதல்ல. பிறகு வீட்டையும் முன்தோட்டத்தையும் பார்த்துவிட்டு, பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கு மீண்டும் குளத்துக்கு வாருங்கள். கூட்டம் இருக்கும்தான். ஆனால் வெள்ளையும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் பூ மலர்ந்திருப்பதை அப்போதுதான் பார்க்க முடியும்.

வீட்டுக்குள் அறைகள் சிறியவை, மாடிப்படி குறுகல். சாப்பாட்டு அறையில் சுவர், அலமாரி, நாற்காலி எல்லாமே மஞ்சள், சுவர் நிறைய ஜப்பானிய அச்சுப் படங்கள். ஒட்டினாற்போல் சமையலறை. நீலமும் வெள்ளையுமான ஓடு பதித்த சுவரில் செம்புப் பாத்திரங்கள் அளவு வாரியாகத் தொங்கும். அம்மா அங்கே நின்ற நேரம்தான் அதிகம். அவசரப்படுத்தாதீர்கள்.

9. அசல் ஓவியத்துக்கு இன்னொரு நாள்

வீட்டிலுள்ள மொனே ஓவியங்கள் அசல் இல்லை. அவர் ஓவியக்கூடமாக வைத்திருந்த வரவேற்பறையில் தொங்குவது எல்லாமே நகல்கள். இதைத் தெரியாமல் போய் ஏமாறுகிறவர்கள் உண்டு. அதனால் பாரிஸில் ஒரு அரை நாளை ஓரஞ்சரி அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். இரண்டு நீள்வட்ட அறைகளில், சுவரோடு சுவராக வளைந்து போகும் எட்டுப் பெரிய அல்லி ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. வரிசை எப்படி என்றால், ஜிவெர்னி முதலில், ஓரஞ்சரி அடுத்த நாள். குளத்தை நேரில் பார்த்த கண்ணோடு அந்த அறைக்குள் போனால், இது காலை, இது சாயங்காலம் என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

ஓரஞ்சரிக்குச் செவ்வாய் விடுமுறை. மொனே ஓவியங்கள் நிறைய உள்ள ஓர்சே, மார்மோத்தான் அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. ஜிவெர்னிக்குத் திங்கள் போய்விட்டு மறுநாள் ஓரஞ்சரி என்று திட்டம் போட்டால் கதவு சாத்தியிருக்கும். செவ்வாய் ஜிவெர்னி, புதன் ஓரஞ்சரி என்று வைத்துக்கொண்டால் எந்தச் சிக்கலும் இல்லை. ஓரஞ்சரிக்கும் நேரம் குறித்த சீட்டை முன்பே வாங்கிவிடுங்கள்.